மூன்றாம் குரலுக்குப் பிறகு

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமையலறை மேசையில் இருந்தவை: சீனிப் போத்தல், அதில் சாய்த்து வைத்த கைபேசி, இரண்டு தேநீர்க் கோப்பைகள், ஒரு கிண்ணம் உள்ளி. என் மனைவி பவளம் உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். டென்மார்க்கின் விபோர்க்கில் காலை பதினொரு மணி. மகள் இருந்த ஊரில் பிற்பகல் ஒரு மணி.

திரையில் மகள் ஆரணியின் நெற்றியும், ஒரு கண்ணும், தகரக் கூரையின் ஒரு மூலையும் தெரிந்தன. கைபேசியை அவள் எப்போதும் அப்படித்தான் பிடிப்பாள். அங்கே மழை. கூரைச் சத்தத்தில் அவள் சொன்னதில் பாதிதான் எங்களுக்குக் கேட்டது.

மழை ஒரு நிமிடம் தணிந்தது. அப்போது வெளியே ஒரு பெண் குரல் கேட்டது.

"ஹோடி."

சுவாஹிலி பேசும் இடங்களில் வாசலில் நின்று சொல்லும் சொல் அது. உள்ளே வரலாமா என்று பொருள். உள்ளே இருப்பவர் "கரிபு" என்று சொல்ல வேண்டும். வாருங்கள் என்று பொருள். இவ்வளவையும் ஆரணி எங்களுக்கு முன்பே சொல்லித் தந்திருந்தாள்.

திரையில் தெரிந்த கண் பக்கவாட்டில் திரும்பியது. நாற்காலி உரசும் சத்தம்.

"பொறு பிள்ளை," என்றேன். "இன்னொருக்கால் கூப்பிடட்டும்."

"தெரியும் அப்பா," என்றாள். எழுந்தவள் அப்படியே நின்றாள்.

"ஹோடி."

நான் இந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரல்களை உயர்த்திக் காட்டினேன்.

மூன்றாவது "ஹோடி" இரண்டாவதைவிடத் தாழ்வாக இருந்தது. அதன்பிறகு ஆரணி கைபேசியை மேசையில் மல்லாக்க வைத்துவிட்டுப் போனாள். தகரம், அதைத் தாங்கும் ஒரு மரவளை, அதில் ஒரு பல்லி. காலடிச் சத்தம். தாழ்ப்பாள். கதவு திறந்ததும் மழைச் சத்தம் பெரிதானது. பிறகு மறுபடி சிறியதானது.

"ஆரெண்டு தெரியேல்லை. மழைக்குள்ளை ஒரு குடைதான் தெரிஞ்சுது. போயிட்டினம்," என்றாள் வந்து.

"பாத்தியோ," என்று பவளத்திடம் சொன்னேன். "அவசரமெண்டா நிண்டிருப்பினம்."

அந்த வாக்கியத்தை நான் சொன்னபடியே இங்கே எழுதியிருக்கிறேன். மற்றவர்களின் வாக்கியங்களைத் திருத்திச் சம்பளம் வாங்கியவன் நான். இதை மட்டும் திருத்தக் கூடாது.

சீமெந்து என்ன விலை

இந்தத் தொடரை இன்றுதான் கையில் எடுத்தவர்களுக்காகச் சில வரிகள். யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் முதலில் அச்சுப்பிழை திருத்தினேன், பிறகு செய்திகளைச் செம்மை செய்தேன். போருக்குத் தப்பி டென்மார்க்குக்கு வந்து, முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளனாக வேலை செய்து ஓய்வு பெற்றேன். ஒரே மகள் ஆரணி, இங்கேயே பிறந்தவள், தாதி.

பதினான்கு வயதில், இங்குள்ள வழக்கப்படி வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் பாதிரியாரிடம் பாடம் கேட்கப் போனபோது இவளும் போனாள். மற்றப் பிள்ளைகளுக்கு அது ஒரு விருந்தோடும் புதுச் சட்டையோடும் முடிந்தது. இவளுக்கு முடியவில்லை. இருபது வயதில் ஞானஸ்நானம் பெற்றாள். பவளம் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள், "அப்ப நான் வீட்டிலை விளக்கு வைக்கலாமோ?" என்று மகளிடம் கேட்டாள். "ஏன் அம்மா வைக்காமல்?" என்றாள் ஆரணி. அந்த வழக்கு அத்தோடு முடிந்தது.

அவள் மணந்தது மத்தியாஸ் என்ற டேனிஷ் பையனை. தண்ணீர்ப் பம்பு திருத்துவதில் கெட்டிக்காரன். அவர்கள் இருவரையும் ஒரு மிஷன் சங்கம் டான்சானியாவின் மேற்கே ஒரு சிறிய ஊருக்கு மூன்று வருடத்துக்கு அனுப்பியது. இவள் மருத்துவ நிலையத்தில், அவன் கிராமங்களில். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று மகள் கேட்டிருக்கிறாள். இதை எழுதும்போதும் அவள் அங்கேதான் இருக்கிறாள்.

செய்தி எங்கள் ஆட்களிடம் பரவ அதிக நாள் எடுக்கவில்லை. தமிழ்க் கடையில் மரக்கறிப் பெட்டிக்கு முன்னால் வைத்து ஒருவர் என்னைப் பிடித்தார்.

"அண்ணை, உங்கட பிள்ளை கிறிஸ்தவ வேதத்துக்குப் போட்டுதாம்?"

"அது நடந்து கனகாலம்."

"அது தெரியும். இப்ப ஆபிரிக்காவுக்குமாம்?"

"ஓம்."

"நாங்கள் உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு ஓடி வந்த ஆக்கள். இவள் என்ன மற்றப் பக்கத்துக்கு ஓடுறாள்?"

முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

தேவாலயத்தில் நடந்த பிரியாவிடையில் ஒரு முதிய டேனிஷ்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, முந்நூறு வருடங்களுக்கு முன் தாங்கள் தமிழ்நாட்டின் தரங்கம்பாடிக்கு மிஷனரிகளை அனுப்பியதையும் இப்போது என் மகளையே அனுப்புவதையும் சொல்லிக் கண் கலங்கினார். நான் தரங்கம்பாடிக்குப் போனதில்லை என்று சொன்னேன்.

போன முதல் வாரங்களில் ஆரணி சொன்ன செய்திகள் சிறியவை. குழாயில் தண்ணீர் செவ்வாயும் வெள்ளியும் மட்டும். கூரைத் தகரத்துக்கும் மரவளைக்கும் இடையில் வௌவால்கள். சிவப்புத் தூசி, வெள்ளைத் துணியெல்லாம் இளஞ்சிவப்பு. கரி அடுப்பு மூட்டத் தெரியாமல் மூன்று நாள் பாணும் வாழைப்பழமும். சந்தைக்குப் போனால் ஒவ்வொருவரும் வீட்டை, பிள்ளையை, வேலையை, நித்திரையை விசாரித்து முடித்த பிறகுதான் தக்காளிக்கு வர முடியும்.

இன்னொன்று. அங்கே மிஷனரி என்றால் வெள்ளைக்காரர். இவளைப் பார்த்தவர்கள் கட்டடச் சாமான் கடை வைத்திருக்கும் இந்தியரின் வீட்டுப் பெண் என்று நினைத்தார்கள்.

"அப்பா, கும்பிடுறதுக்கு மத்தியாஸிட்டை வருகினம். என்னட்டை வந்து சீமெந்து என்ன விலை எண்டு கேக்கினம்," என்றாள்.

"சொல்ல வேண்டியதுதானே," என்றாள் பவளம்.

"என்னத்தை?"

"விலையை."

மூவரும் சிரித்தோம். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்த உரையாடல் தமிழில் நடந்தது. சிறுமியாக இருந்தபோது நாங்கள் தமிழில் கேட்பதற்கு டேனிஷில் பதில் சொன்னவள், ஆபிரிக்காவுக்குப் போன பிறகுதான் எங்களோடு தமிழில் கதைக்கத் தொடங்கினாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவாளோ என்று பயம்.

ஒரு கன்னத்தில் சவர்க்காரம்

நான் மகளுக்குக் கொடுத்த விதி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் அச்சகத்தில் நவம் என்று ஒருவர் எழுத்துக் கோத்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். தலைகீழாகவும் வலமிடமாகவும் இருக்கும் ஈய எழுத்துகளை நாங்கள் பேப்பர் வாசிப்பதைவிட வேகமாக வாசிப்பார். எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் வீடு.

ஒரு காலையில் அவர் கிணற்றடியில் முகம் மழித்துக்கொண்டிருந்தார். வாசல் படலையில் யாரோ, "நவம் அண்ணை!" என்று கூப்பிட்டார்கள். மரியாதையான குரல் என்று பிறகு அவருடைய மனைவி சொன்னார். "ஓம், வாறன்," என்றார் நவம். முதற் கூப்பிட்டுக்கே போனார். இரண்டு வெடிச் சத்தம்.

நான் போய்ப் பார்த்தபோது அவருடைய ஒரு கன்னத்தில் சவர்க்கார நுரை இன்னும் காயவில்லை. மற்றக் கன்னம் சுத்தமாக இருந்தது.

அன்று அந்தச் செய்தியைச் செம்மை செய்தவன் நான்தான். மூன்று வரிகள். இனந்தெரியாதோரால் சுடப்பட்டு உயிரிழந்தார். அந்த நாட்களில் எங்கள் அச்சகத்தில் எல்லாச் செய்திகளிலும் குறைவில்லாமல் இருந்த சொல் 'இனந்தெரியாதோர்'. வழக்கமாக நவம் கோக்கும் பத்தியை அன்று வேறொருவர் கோத்தார். அச்சுப்படியில் நவத்தின் பெயரில் ஓர் எழுத்துத் தலைகீழாகக் கிடந்தது. வட்டமிட்டுத் திருப்பச் சொன்னேன்.

அதன்பிறகு எங்கள் ஒழுங்கையில் ஒரு விதி உண்டானது. யார் சொன்னார்கள் என்று தெரியாது, எல்லா வீட்டிலும் இருந்தது. முதற் கூப்பிட்டுக்கும் இரண்டாவதுக்கும் பதில் சொல்லக்கூடாது. மூன்றாவதுக்குத்தான் போக வேண்டும். கெட்ட நோக்கத்தோடு வருபவன் மூன்று தரம் கூப்பிடமாட்டான், அயல் எட்டிப் பார்க்கும். எங்கள் ஆள் கூப்பிடுவான். மூன்றாவதில் குரல் மாறும், எரிச்சல் வரும், "என்ன, செத்துப் போனியளோ?" என்று கேட்பான். அப்போது நெஞ்சு இறங்கும். இடையில் கிடைக்கும் நேரத்தில் வேலி ஓட்டையால் காலைப் பார்க்கலாம். செருப்பா, ஆயுதக்காரரின் சப்பாத்தா.

இந்த விதி உண்மையில் யாரையாவது காப்பாற்றியதா என்று எனக்குத் தெரியாது. சோதித்துப் பார்க்கக்கூடிய விடயமல்ல அது.

விபோர்க்கிலும் நான் அதைக் கைவிடவில்லை. எங்கள் வீடு மூன்றாம் மாடி. அழைப்பு மணி ஒருதரம் அடித்தால் நாங்கள் அசைவதில்லை. பார்சல் கொண்டுவருபவன் ஒருதரம் அடித்து, காத்திருந்து, சீட்டை ஒட்டிவிட்டுப் போய்விடுவான். எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு பார்சலையும் நான் வாசலில் வாங்கியதில்லை, எல்லாவற்றையும் சுப்பர் மார்க்கெட்டில் வரிசையில் நின்றுதான் எடுத்தேன். ஆரணிக்கு எட்டு வயதில், அவளுடைய பிறந்தநாளன்று, லீனெ என்ற வகுப்புத் தோழி கீழே நின்று ஒருதரம் மணி அடித்தாள். "அப்பா, அது லீனெ மட்டும்தான்," என்று ஆரணி டேனிஷில் கெஞ்சினாள். "பொறு," என்றேன். லீனெ பரிசோடு திரும்பிப் போய்விட்டாள்.

அன்று அதை ஒரு சின்ன விடயமாக நினைத்தேன்.

விமான நிலையத்தில் ஒரு வாக்கு

அவர்கள் புறப்பட்ட நாளில் பில்லுண்ட் விமான நிலையத்தில் என் சட்டைப் பையில் ஒரு தாள் இருந்தது. இரு பக்கமும் எழுதியிருந்தேன். வாகனத்தில் முன் ஆசனத்தில் இருக்காதே. அடையாள அட்டையை உடம்போடு வை. ஒரு சின்னப் பையைக் கட்டி வாசலருகே வை. ஒரே வழியால் இரண்டு நாள் போகாதே.

ஆரணி வாசித்தாள். மடித்தாள். திருப்பித் தந்தாள்.

"அப்பா, நான் போறது சண்டைக்கில்லை. வேலைக்கு."

"சரி. ஒண்டை மட்டும் கேள்."

"எதை?"

"கதவு."

அவள் சிரித்தாள். மத்தியாஸ் என்ன என்று கேட்டான். அவள் அவனுக்கு டேனிஷில் ஏதோ சொன்னாள், அவனும் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சிரிப்பை நிறுத்தி, "சரி அப்பா. கதவு மட்டும்," என்றாள்.

நான் கேட்டு வாங்கிய வாக்கு அது. அவளாகத் தந்ததல்ல.

ஆறு வாரங்கள் சென்றன. ஆதரவாளர்களுக்கு அவள் மாதந்தோறும் எழுதும் கடிதம் எங்களுக்கும் வரும். முதற் கடிதத்தில் ஒரு வரி: இங்குள்ள மக்கள் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் போலிருக்கிறது, ஆரம்பத்தில் வாசலுக்கு வந்தவர்கள்கூட இப்போது வருவதில்லை. நான் பத்திரிகையில் மற்றவர்களின் வரிகளைச் சந்தேகித்தே பழகியவன். சந்தையில் நித்திரையைக்கூட விசாரிக்கும் சனம் வாசலில் மட்டும் ஏன் கூச்சப்படுகிறது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வாசலுக்கு ஆள் வராவிட்டால் மகளுக்கு ஆபத்துக் குறைவு என்று நினைத்து அந்த வரியைக் கடந்து போனேன்.

செவ்வாய்க்கிழமை

நாங்கள் கதைப்பது ஞாயிறுகளில். ஆகையால் செவ்வாய்க்கிழமை கைபேசியில் ஆரணியின் பெயர் வந்தபோது பவளம் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என்னருகில் வந்து நின்றாள். எடுக்கவில்லை. என்னை எடுக்கச் சொன்னாள்.

படம் இல்லை, குரல் மட்டும். டேனிஷில் பேசினாள். அந்த மொழியைக் கேட்டதுமே நான் கதிரையை இழுத்து உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மழையில் வந்து கூப்பிட்டவர் நேமாவின் தாய். அங்கே ஒரு பெண்ணை மூத்த பிள்ளையின் பெயரோடு சேர்த்து 'மாமா நேமா' என்றுதான் கூப்பிடுவார்கள், மாமா என்றால் அம்மா. நான்கு வீடு தள்ளி இருப்பவர். நேமாவுக்கு நாலு வயது, காய்ச்சல். ஞாயிறு மருத்துவ நிலையம் பூட்டு. தாதியின் வீடு தெரியும். பிள்ளையை முதுகில் துணியால் கட்டி, குடை பிடித்துக்கொண்டு வந்தார். மூன்று தரம் கூப்பிட்டார். பதில் இல்லை. மழைக்குள் பெருந்தெருவுக்கு நடந்து, சிற்றூர்திக்காகக் காத்து நின்றார். மாவட்ட வைத்தியசாலை ஒன்றரை மணி நேரம். வழியில் பிள்ளைக்கு வலிப்பு வந்தது.

மூளைக்கு ஏறிய மலேரியா என்று ஆரணி சொன்னாள். நினைவு இல்லை. அவள் அந்த வைத்தியசாலை முற்றத்தில் நின்றுதான் கதைத்துக்கொண்டிருந்தாள்.

நான் அப்போது என்ன கேட்டேன் என்பதை எழுதாமல் விட எனக்கு ஆசை. எழுதுகிறேன்.

"அவையின்ரை ஆக்கள் என்ன சொல்லினம்? கோவமா நிக்கினமோ? நீ அங்கை தனியவோ நிக்கிறாய்?"

பின்னணியில் யாரோ இருமினார்கள்.

"அப்பா," என்றாள் டேனிஷில். "அவளுக்கு நாலு வயது."

வைத்துவிட்டாள்.

நட்சத்திரம் தெரியாது

அதன்பிறகு பயம் எங்கள் வீட்டில் ஓர் ஆளைப் போல இருந்தது. காலையில் எழுந்தால் முன்பே எழுந்து உட்கார்ந்திருந்தது. பிள்ளை செத்தால் என்ன? செத்தால் அந்த ஊர் என் மகளை என்ன செய்யும்? ஒன்றும் செய்யாவிட்டால், அவள் என்னை என்ன செய்வாள்? இந்த வரிசையில்தான் என் மனம் போனது. முதலாவது கேள்வியில் எப்போதும் அதிக நேரம் நின்றேன் என்று சொல்ல முடியாது.

புதன்கிழமை பவளம் அம்மன் கோயில் ஐயருக்குத் தொலைபேசி எடுத்தாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"ஐயா, ஒரு அர்ச்சனை."

"பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ."

"பேர் நேமா. நட்சத்திரம் தெரியாது."

"என்ன பேர்?"

"நே-மா. சின்னப் பிள்ளை. ஆபிரிக்காவிலை."

ஐயர் கொஞ்சம் யோசித்தார். "நட்சத்திரம் தெரியாட்டி சுவாமி பேரிலை செய்வம் அம்மா."

"இல்லை ஐயா. பிள்ளையின்ரை பேரைத்தான் சொல்ல வேணும். அம்மனுக்கு ஆள் மாறிப் போகக்கூடாது."

"சரி, சரி. நேமா எண்டே சொல்லுறன்," என்றார் ஐயர்.

என்னிடம் கோயிலும் இல்லை, தேவாலயமும் இல்லை. எனக்குத் தெரிந்தது செய்தி எழுதுவது. மனதுக்குள் அந்தச் சம்பவத்தை மூன்று வரியில் எழுதிப் பார்த்தேன். யார், எங்கே, எப்போது, என்ன. ஒவ்வொரு முறையும் 'யார்' என்ற இடத்தில் நின்றது. 'இனந்தெரியாதோர்' என்று போட முடியவில்லை. வாசலில் நின்றவரின் பெயர் தெரியும், உள்ளே நின்றவளின் பெயர் தெரியும், ஆறாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றருக்கு அப்பால் இரண்டு விரலை உயர்த்தியவனின் பெயரும் தெரியும்.

அந்த ஞாயிறு பதினொரு மணிக்குச் சீனிப் போத்தலில் கைபேசியைச் சாய்த்து வைத்தோம். ஒரு மணி வரை இருந்தோம். வரவில்லை. பவளம் கைபேசியை எடுத்துத் துடைத்து, மின் இணைப்பில் போட்டு, மறுபடி கொண்டுவந்து வைத்தாள். மூன்று மணிக்கு இருட்டத் தொடங்கிவிட்டது. குளிர்காலத்தில் இங்கே அப்படித்தான்.

நாலாம் குரல்

அடுத்த ஞாயிறு வந்தாள். படத்தோடு. முகம் முழுவதும் தெரிந்தது, அதனால் அவள் மெலிந்திருப்பதும் தெரிந்தது.

"பிள்ளை எழும்பிட்டுது அம்மா," என்றாள் தமிழில்.

பவளம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்றாம் நாள் கண் திறந்ததாம். கதைக்கிறதாம், கஞ்சி குடிக்கிறதாம். வலது கை மட்டும் இன்னும் பிடிப்பில்லை. கரண்டி விழுந்துவிடுகிறது. திரும்பி வரலாம் என்று மருத்துவர் சொல்கிறார். வரலாம் என்றுதான் சொல்கிறார்.

"தாய் என்ன சொன்னவ?" என்று கேட்டேன். இம்முறை கவனமாகக் கேட்டேன்.

"என்னைக் கண்டதும் எழும்பிக் கதிரை தந்தவ." நிறுத்தினாள். "நான் அழுதுகொண்டு, நான் வீட்டிலைதான் நிண்டனான் எண்டு சொன்னன். அவ சொன்னா, தெரியுமாம், உள்ளை கதைக்கிற சத்தம் கேட்டதாம். மூண்டு தரம் கூப்பிட்டவவாம். பதில் வராட்டி, வீட்டுக்காரருக்கு இப்ப ஆக்களைப் பாக்க ஏலாது எண்டு அர்த்தமாம். நாலாம் தரம் கூப்பிடுறது மரியாதையில்லையாம்."

நான் மேசையில் இருந்த கோப்பையை நகர்த்தினேன்.

"மூண்டோடை போயிடுவினம் அப்பா. இஞ்சத்தை வழக்கம் அது. சுவாஹிலி வகுப்பிலை எனக்குச் சொல்லைத்தான் சொல்லித் தந்தவை. எண்ணிக்கையை ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. நான் மூண்டாவதுக்கு எழும்பி வாசலுக்குப் போகேக்கை எல்லாரும் திரும்பியிருப்பினம். ஆறு கிழமையாப் பலகாரம் கொண்டு வந்தவை, கோழி முட்டை கொண்டு வந்தவை, சும்மா பாக்க வந்தவை, எல்லாரும். என்னை என்னெண்டு கூப்பிடுகினம் தெரியுமே? 'மாமா கதவு' எண்டு. சீமெந்து விக்கிற பெம்பிளைக்குப் பொருத்தமான பேர்தானே."

சிரிக்க முயன்றாள். எங்கள் பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் ஒழுங்கையில் மூன்றாம் கூப்பிடு என்றால் நம்பலாம் என்று பொருள். அங்கே மூன்றாம் கூப்பிடு என்றால் விடை பெறுகிறேன் என்று பொருள்.

"நீ ஏன் பிள்ளை எனக்குக் கீழ்ப்படிஞ்சனி?" என்று கேட்டேன். "இஞ்சை ஒருநாளும் கீழ்ப்படியேல்லையே."

"நான் யோசிச்சுச் செய்யேல்லை அப்பா. மத்தியாஸ் கிராமத்துக்குப் போன நாளிலை தனிய இருப்பன். குரல் கேட்டவுடனை கால் தானா நிண்டிடும். நீங்கள் சொன்னதாலை இல்லை. எட்டு வயசிலேயே நிண்ட கால்."

லீனெயை அவள் மறக்கவில்லை.

மறுபடி ஹோடி

இதற்குப் பிறகும் அவள் திரும்பி வரவில்லை. நான் கேட்டுப் பார்த்தேன், ஒருமுறைதான். நேமா இடது கையால் படம் வரையப் பழகுகிறாள் என்று பதில் வந்தது. பின்னேரங்களில் பிள்ளையின் வலது விரல்களுக்கு ஆரணிதான் பயிற்சி கொடுக்கிறாள். தாய் பக்கத்தில் இருந்து இருவரையும் கேலி செய்கிறாராம்.

இங்கே பனி கரைந்து, மேசைக்கு வெயில் வரத் தொடங்கிய ஒரு ஞாயிறு. சீனிப் போத்தல், கைபேசி, இரண்டு கோப்பைகள். மகளின் நெற்றி, ஒரு கண்.

"அம்மா, பயப்படாமல் கேளுங்கோ," என்று தொடங்கினாள். இப்படித் தொடங்கும் வாக்கியத்தைக் கேட்டுப் பயப்படாத தாய் இல்லை. பக்கத்து ஊர் மிஷன் வீட்டில் வியாழக்கிழமை திருடர்கள் வந்தார்களாம். பட்டப்பகல். மூன்று பேர். வாசலில் நின்று ஹோடி என்றார்களாம், அந்த வீட்டு அம்மா கதவைத் திறந்தாராம். அவரைக் கதிரையில் கட்டிவிட்டுக் கணினியையும் கைபேசியையும் கொண்டு போயிருக்கிறார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, மணிக்கட்டில் கயிற்றுத் தழும்பு மட்டும்.

"பிடிச்சிட்டினமோ?"

"இன்னும் இல்லை."

"மத்தியாஸ் எங்கை?"

"பம்பு பாக்கப் போயிட்டார். பின்னேரம்தான் வருவார்."

"ஆக்கள் ஆரும் கூட நிக்கினமோ?"

"இல்லை அம்மா. இண்டைக்கு நான் தனிய."

அப்போது வெளியே குரல் கேட்டது.

"ஹோடி."

ஆண் குரல். அங்கே அன்று மழை இல்லை, ஆகையால் தெளிவாகக் கேட்டது. இளம் குரலா, முதிய குரலா என்று என்னால் சொல்ல முடியவில்லை. மரியாதையான குரல்.

பவளம் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவளுடைய நகம் பதிந்தது. என் நாக்கில் 'பொறு' என்ற சொல் வந்து நின்றது. அது எப்போதும் அங்கேதான் நிற்கிறது.

திரையில் தெரிந்த ஒற்றைக் கண் என்னைப் பார்த்தது.

"அப்பா, ஒண்டும் சொல்லாதேங்கோ."

கைபேசியை மல்லாக்க வைத்தாள். தகரம், மரவளை. பல்லி இல்லை. நாற்காலி உரசியது. இருந்த இடத்திலிருந்தே அவள் உரத்த குரலில் சொன்னாள்.

"கரிபு!"

பிறகு நடந்தாள். நான் எண்ணினேன். வேறொன்றும் செய்ய முடியவில்லை, எண்ணினேன். நாற்காலியிலிருந்து வாசலுக்கு ஏழு அடிகள். இரண்டாம் முறை ஹோடி கேட்கவில்லை. அதற்கு அவள் இடம் கொடுக்கவில்லை. நவத்தின் கன்னத்தில் காயாத நுரை என் கண் முன்னால் வந்தது. பற்களைக் கடித்துக்கொண்டேன்.

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.